தேங்காய் லாரியில் ஏறியது நீதான்

இன்று காலை உன் மருமகள் ஒரு துணிப்பையோடு வந்தாள். உள்ளே உன் சைக்கிளின் ரப்பர் ஹாரன். வெயிலில் கிடந்த ரப்பரின் வாடை கூடம் முழுக்கப் பரவியது. ஐஸ் விற்பவர் மாட்டுகிற ஹாரனை அறுபது கடந்தவள் மாட்டலாமா என்று ஒருமுறை உன்னைக் கேட்டேன். "மணி அடிச்சா மொறைச்சுக்கிட்டு வழி விடுவாய்ங்க, மதர். இத அமுக்குனா சிரிச்சுக்கிட்டே விடுவாய்ங்க" என்றாய். கான்வென்ட்டில் சேர்ந்து படித்த நாளிலிருந்தே, என் கண்டிப்புக்காக, நான் உனக்கு மதர்தான்.

"இத உங்ககிட்டதேன் குடுக்கணும்னு அத்தை சொல்லிருந்தாங்க, ஆன்ட்டி" என்றாள் மருமகள். பிறகு சிரிப்பை அடக்கமாட்டாமல், "ஆஸ்பத்திரியில கூட அந்தத் தேங்கா லாரிக் கதையச் சொல்லி நர்சுகளச் சிரிக்க வச்சாங்க" என்றாள்.

"யார் லாரியில் ஏறியதாகச் சொன்னாள்?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே! நீங்கதான?"

அவளுக்குக் காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். துக்க வீட்டுப் பெண்ணிடம் வழக்குப் பேசுவது முறையல்ல. என் வழக்கு உன்னோடு.

என் கணவர் இறந்த பிறகு நான் வாசற்கதவைத் திறக்காமல் கிடந்தேன். செல்லூரிலிருந்து தினமும் வந்து கதவைத் தட்டியவள் நீ. நடக்க முடியாத பிள்ளைகளின் இல்லத்துக்காக மதுரையிலிருந்து திருச்சி வரை சைக்கிள் பயணம் என்று என் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்து சொன்னவளும் நீதான். அதற்காக உனக்கு நான் நன்றி சொல்லியிருக்கிறேன். இன்றும் அதைத் திரும்பப் பெறவில்லை.

புறப்படும் காலையில் ஒவ்வொருவர் கைப்பிடியிலும் ஒரு பிள்ளை ரிப்பன் கட்டியது. பிள்ளைகளை வேனில் திருச்சிக்கு அழைத்துவந்துவிடுவார்கள்; வழி முழுவதையும் மிதித்துக் கடந்து, போய்ச் சேர்ந்ததும் அந்தப் பிள்ளையின் கையிலேயே ரிப்பனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எனக்கு மஞ்சள் ரிப்பன் கட்டிய சிறுமி சக்கர நாற்காலியிலிருந்து நிமிர்ந்து, "முழுசும் மிதிப்பீங்களா பாட்டி?" என்று கேட்டாள். மிதிப்பேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இளையவர்கள் முன்னால் பறந்துவிட்டார்கள். உன்னோடு போனால் எப்படிப் பறப்பது? மேலூரில் ஒரு முறம் வாங்கி முதுகில் கட்டிக்கொண்டாய். எருமைகளுக்கெல்லாம் ஹாரன் அடித்து நலம் விசாரித்தாய். டீக்கடைக்காரர், "ஏன் ஆத்தா, பஸ்ஸுதான் ஓடுதுல்ல?" என்றார். "பஸ்ஸுல போனா எங்கள யாருண்ணே வேடிக்கை பாப்பா?" என்றாய். நானும் சிரித்தேன். பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு அது.

கொட்டாம்பட்டியில் உன் முழங்கால் மக்கர் செய்தது. தேங்காய் ஏற்றிய லாரி ஒன்று நின்றது. சைக்கிளைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டு, தேங்காய்க் குவியலின் மேல் முறத்தைக் குடையாகப் பிடித்தபடி உட்கார்ந்தாய். "நீயும் ஏறு மதர், எவன் பாக்கப்போறான்?" என்றாய். நான் ஏறவில்லை. எதிர்க்காற்றில் தனியாக மிதித்துத் துவரங்குறிச்சிக்கு வந்தபோது, நீ புளியமரத்தடியில் நுங்கு தின்றுகொண்டிருந்தாய். அங்கிருந்து மறுபடி சேர்ந்தே போனோம். கால் வலித்தவள் லாரி ஏறியதில் எனக்குக் குறையே இல்லை.

ஆனால் திருச்சி மேடையில், வழியில் ஏதாவது வேடிக்கை நடந்ததா என்று கேட்டார்கள். நீ மைக்கைப் பிடுங்கினாய். "எங்க மதர் கொட்டாம்பட்டியில தேங்கா லாரியில ஏறிட்டாங்க. நாந்தேன் தொரத்திப் புடிச்சு எறக்குனேன்!" கூட்டம் குலுங்கிச் சிரித்தது. முன்வரிசையில் அந்தச் சிறுமி சிரிக்கவில்லை. நான் ரிப்பனை நீட்டியபோது, "லாரியிலயா வந்தீங்க பாட்டி?" என்றாள். உன்னைக் காட்டி, "அவளைக் கேள்" என்றேன். நீ ஹாரனை அமுக்கினாய். அவள் ரிப்பனை வாங்கவில்லை.

திரும்பி வரும்போது வேனில் உன்னோடு பேசவில்லை. "வெளையாட்டுடி, அம்புட்டுதேன். அடுத்த வருஷம் அதே மேடையில நானே உண்மையச் சொல்றேன், போதுமா?" என்றாய். போதும் என்றேன். நம்புவதற்கு எனக்குக் காரணம் இருந்தது.

கான்வென்ட் வகுப்பில் ஏதாவது குறும்பு நடந்தால் சிஸ்டர் யாரையும் விசாரிக்கமாட்டார். செய்தவள் தானாக முன்னால் வரும்வரை வகுப்பு முழுவதும் நிற்க வேண்டும், அவ்வளவுதான். எங்களுக்குக் கால் வலிக்கத் தொடங்கும் முன்பே நீ முன்னால் போய்விடுவாய். "அம்புட்டுப் பேரும் நிக்கிறத பாத்துக்கிட்டு எப்படிடி ஒளியிறது?" என்பாய். நான் நம்பியது அந்தப் பெண்ணை.

அடுத்த பயணத்துக்கு முன் நீ போய்விட்டாய். அதற்கு உன்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் படுக்கையிலும் அதே பொய்யைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறாய். எனக்குக் கொடுக்க ஹாரனை எடுத்து வைக்கத் தெரிந்த உனக்கு, ஒரு வார்த்தையை எடுத்து வைக்கத் தெரியவில்லை. உண்மையைச் சொல்ல மேடைக்குக் காத்திருந்தாய் என்று இத்தனை நாள் நினைத்தேன். நீ காத்திருக்கவே இல்லை.

மதியம் ரிப்பனை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து இல்லத்துக்குப் போனேன். அந்தச் சிறுமி வளர்ந்திருக்கிறாள். நான் லாரியில் ஏறவில்லை, ஏறியது என் தோழி என்று அவளிடம் நேராகச் சொன்னேன்.  அவள் என் கையைத் தட்டிக்கொடுத்து, "பரவால்ல பாட்டி. கால் வலிச்சா யாருன்னாலும் ஏறத்தான் செய்வாங்க" என்றாள்.

நான் செய்யாததற்கு அந்தக் குழந்தை என்னை மன்னித்துவிட்டது. ரிப்பனைக் கொடுத்திருந்தால் வாங்கியிருப்பாள். மன்னிப்போடு சேர்த்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கைப்பைக்குள் வைத்து மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த லாரிக்காரரை விட்டால், நடந்ததைப் பார்த்தவர்கள் நாம் இருவர்தான். இப்போது நான் ஒருத்திதான், என் பேச்சை நம்ப ஆளில்லை. உன் ஹாரன் மேசையில் இருக்கிறது, அமுக்கவில்லை. ரிப்பன் மீண்டும் என் சைக்கிள் கைப்பிடியில், அவள் கட்டிய இடத்திலேயே இருக்கிறது. எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். செய்தவள் முன்னால் வரவில்லை, அதனால் நான் மட்டும் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.