விருந்தாளிக்கு வைஃபை

26-04-2025, சனி

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். என் மேல் தப்பு இருந்தாலும் கோடு போட்டு அடிக்காமல் எழுதுவேன். படிக்கப்போவது நான் ஒருத்திதான். பொய் எழுதி யாரை ஏமாற்ற?

ஜோதிமணி. பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறவள். ஜூஜூவாடி, ஓசூர்.

இன்று ஜவளகிரியிலிருந்து சுமலதா அக்கா வந்தாள். நாராயணம்மா அத்தையின் மகள். முறைக்கு அக்கா இல்லை, ஆனால் சின்னதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன். வயது பத்தொன்பது. இங்கே போன் பாகம் பொருத்தும் கம்பெனி ஒன்றில் பெண்களை எடுக்கிறார்களாம், அதற்கு எழுதிப் போட்டிருக்கிறாள். முடிவு தெரியும்வரை எங்கள் வீட்டில்தான். ஒரு பை ராகி மாவும் ஒரு பை துணியும் கொண்டுவந்தாள்.

செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா, "வைஃபை போட்டுக்கம்மா" என்றார். தண்ணீர் அப்புறம்தான் வந்தது.

எங்கள் தெருவில் இது வழக்கம். வீட்டுக்குள் போன் கர்நாடகா டவரைப் பிடித்துக்கொள்ளும், நெட் நகராது. அதனால் வருகிறவர்களுக்கு வைஃபை கொடுக்காவிட்டால் வாசலோடு அனுப்பியது மாதிரி. அப்பா கியூஆர் கட்டத்தை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக எடுத்து, லேமினேட் செய்து, ஓட்டை போட்டுக் காலண்டர் ஆணியில் மாட்டியிருக்கிறார். சீட்டு கட்ட வந்தவர், கேஸ் சிலிண்டர் போட வந்தவர் எல்லாரும் அதன் முன்னால் போனைத் தூக்கிப் பிடித்து நிற்பார்கள். சாமி கும்பிடுவதுபோல இருக்கும்.

அக்காவும் கும்பிட்டாள்.

29-04-2025

போட்டிக்கு இன்னும் நான்கு நாள். புத்தக விமர்சனம், மாநில இறுதிச் சுற்று, ஆன்லைனில். மூன்று நிமிடம் பேச வேண்டும். முதல் பத்துப் பேரைச் சென்னைக்கு ஒரு வார முகாமுக்குக் கூப்பிடுவார்கள். நான் எடுத்திருப்பது ஒரு கடல் நாவல். நான் கடலைப் பார்த்ததில்லை. அதையே முதல் வரியாக வைத்திருக்கிறேன்.

01-05-2025

பக்கத்து வீட்டில் கேபிள் அறுந்து நெட் இல்லையாம். காத்தூன் அக்கா மகன் தௌசிப், பாலிடெக்னிக் படிக்கிறவன், ஏதோ டவுன்லோடு செய்ய வேண்டும் என்று புலம்பியிருக்கிறான். சுமா அக்கா தன் போனில் "ஷேர்" அழுத்திக் காட்டியிருக்கிறாள். கட்டம் வரும், அதன் கீழே பாஸ்வேர்டும் வரும். போன் கட்டத்தைப் படித்துக்கொள்ளும், கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டை அடிக்க வேண்டும். இரண்டும் நடந்துவிட்டது. வந்த இடத்தில் இவள் விருந்து வைக்கிறாள்.

அம்மாவிடம் சொன்னேன். "அதனால என்னாடி, காத்து மாதிரிதான, கொறஞ்சா போயிடும்?" என்றாள்.

குறையும் அம்மா.

03-05-2025, சனி

குறைந்தது.

நான்கு மணிக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்பா கம்பெனி ஏலத்தில் எடுத்த பழைய லேப்டாப்பின் முன்னால் பள்ளிச் சீருடையில் உட்கார்ந்திருந்தேன். "நான் கடலைப் பார்த்ததில்லை" என்றேன். அதோடு திரையில் என் முகம் நின்றுவிட்டது. வாய் பாதி திறந்தபடி. நடுவில் வட்டம் சுற்றுகிறது. நான் பேசிக்கொண்டே இருக்கிறேன். அங்கே ஒரு நடுவர் அம்மா, "பாப்பா, கேக்கல... கேக்கலயே... சரி, அடுத்தவங்களக் கூப்பிடுங்க" என்றார். அவர் குரல் மட்டும் துண்டு துண்டாக வந்தது.

நான்கு மாதம். இரண்டு நோட்டு. முடிந்தது.

அக்கா கதவருகே நின்று சிரித்தாள். "தௌசிப் ஏதாவது பெருசா போட்டிருப்பான்டி. நாந்தான் குடுத்தேன்" என்றாள். சாதாரணமாக, ஒரு டம்ளர் சர்க்கரை கொடுத்ததுபோல.

04-05-2025

அவள் நேற்று என் திரையைப் படம் எடுத்திருக்கிறாள். வாய் திறந்த முகத்தை. ஸ்டேட்டஸில் போட்டு "எங்க வீட்டு எழுத்தாளர்" என்று எழுதியிருக்கிறாள். கிருஷ்ணகிரியிலிருந்து மாதேஷ் மாமா அம்மாவுக்குப் போன் செய்து, "என்னாக்கா, உங்க பொண்ணு பல்லு புடுங்கப் போயிருக்கா?" என்றாராம். அம்மாவும் சிரித்தாள். எழுதிவிட்டேன். அம்மாவும் சிரித்தாள்.

இனி இந்த நோட்டில் அவளை அக்கா என்று எழுத மாட்டேன்.

06-05-2025

ரவுட்டர் வந்த அட்டைப்பெட்டி பரண்மேல் இருந்தது. உள்ளே கையேடு, நாற்பத்தெட்டு பக்கம், ஒட்டிய பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்காமல். இந்த வீட்டில் யாரும் படிக்காத ஒரு புத்தகம் இருந்திருக்கிறது, எனக்கே தெரியாமல்.

இரண்டு முறை படித்தேன்.

07-05-2025

ரவுட்டரின் அடியில் ஒரு ஸ்டிக்கர். அதில் உள்ள எண்ணை லேப்டாப்பில் அடித்தால் ஒரு பக்கம் திறக்கிறது. இப்போது யார் யார் நம் வைஃபையில் இருக்கிறார்கள் என்று வரிசையாகக் காட்டுகிறது. பதினொரு பேர். டிவி. அம்மா போன். மேல்வீட்டு முனிராஜ் அண்ணன் போன் (போன தீபாவளிக்கு வந்தவர், இன்னும் இருக்கிறார்). தௌசிப் பிசி. "சுமா குயின்."

குயினாம்.

ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் ஒரு சின்னப் பெட்டி. அதில் டிக் போட்டால் அந்த ஆளுக்கு நெட் போகாது. மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

விரலை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். பயத்தால் இல்லை. இன்று செய்தால் அவளுக்குப் போனில் பார்க்கும் ஒரு நாடகம்தான் போகும். எனக்கு என்ன போனது?

09-05-2025

அவள் ரீசார்ஜ் இன்றோடு முடிந்தது. "இங்கதான் வைஃபை இருக்குதே, எதுக்கு?" என்று அம்மாவிடம் சொன்னாள். குறித்துக்கொண்டேன்.

10-05-2025

அத்தை அவளுக்குப் போன் செய்தாள். அவள் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு துணி மடித்தாள், நான் பக்கத்தில் படிப்பதுபோல இருந்தேன்.

"புதன்கெழம பதினோரு மணிக்கு வீடியோல இன்டர்வியூ வெக்கிறாங்களாம்மா."

"கெடச்சா போ. கெடைக்கலன்னா ஆனியில கல்யாணம். தளியில இருக்கற அந்த மாப்பிள்ள வூட்ல இன்னொரு வாட்டி கேட்டுட்டாங்க, உங்கப்பன் வாக்கு குடுக்கற மாதிரி இருக்கறாரு."

"கெடைக்கும்மா."

"அந்தாளுக்கு வயசு முப்பத்தி நாலு, அது எனக்கும் தெரியும். நான் சொன்னா கேக்கறாங்களா?"

இவள் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள்.

இதையெல்லாம் கேட்டபிறகும் எனக்கு மனம் மாறவில்லை. புதன், பதினொன்று என்று பின்பக்கம் எழுதி வைத்தேன். உள்ளதை எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறேனே.

12-05-2025

தௌசிப் பிசியை நிறுத்தினால் போதும், வீட்டு நெட் சரியாகிவிடும். நேற்றும் அதைத்தான் யோசித்தேன். வேண்டாம். பிசியைத் தொட்டால் அவன் வந்து கேட்பான், அவள் உஷாராகிவிடுவாள். மேலும் எனக்கு நெட் வேகம் எதற்கு இனி? போட்டி போய்விட்டது. வட்டம் சுற்றும்போது அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். அது மட்டும்தான் வேண்டும்.

13-05-2025

சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். கண்ணாடி முன்னால் "குட் மார்னிங் சார், மை நேம் இஸ் சுமலதா" என்று பத்து முறை. என்னிடம், "ஜோதி, இங்கிலீஷ் சரியாடி?" என்று கேட்டாள்.

சரி என்றேன். சரியாகத்தான் இருந்தது.

14-05-2025, புதன்

அப்பா ஏ ஷிப்ட், காலை ஐந்தரைக்கே போய்விட்டார். அம்மா கார்மென்ட்ஸுக்குப் போய்விட்டாள், போனோடு. வீட்டில் நாங்கள் இருவர்.

பத்தே முக்காலுக்கு அவள் ஜன்னலுக்கு எதிரே நாற்காலி போட்டு, சொம்பின் மேல் போனைச் சாய்த்து வைத்தாள். சர்ட்டிபிகேட் ஃபைல் மடியில். நான் பின்னால் கட்டிலில், லேப்டாப்போடு.

பத்து ஐம்பத்தைந்து. டிக்.

முதலில் அவள் போனைத் தட்டினாள். அணைத்துப் போட்டாள். காலண்டர் ஆணிக்குப் போய்க் கட்டத்தின் முன்னால் நின்றாள். வரவில்லை. லேமினேட்டைச் சட்டை நுனியால் துடைத்து மறுபடி காட்டினாள்.

"ஜோதி, நெட் வரலயே."

"அப்படியா?"

"உன் லேப்டாப்புல வருதா? அதுல லாகின் பண்ணிக்கட்டுமா? பதினஞ்சி நிமிசந்தான்டி."

"இது அப்டேட் ஆவுது. தொட்டா கெட்டுப்போயிடும்."

மூடியை லேசாகச் சாய்த்தேன், அவள் திரையைப் பார்க்கக் கூடாது என்று.

பார்க்க வேண்டும் என்று பத்து நாளாகக் காத்திருந்த முகம் அப்போது எனக்கு நேரே இருந்தது. கேட்டது கிடைத்தது. வாய் பாதி திறந்து — என் முகம் மாதிரியே. நன்றாக இருந்தது. ஆமாம், நன்றாகத்தான் இருந்தது, எவ்வளவு நேரம் என்று கேட்டால் அவள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடும்வரை.

மாடிக்குப் போய் டவர் தேடுவாள் என்று நினைத்தேன். ரீசார்ஜே இல்லாமல் எதைத் தேடுவாள்?

பதினொன்றரைக்கு மேல் திரும்பி வந்தாள். முகம் கழுவினாள். சோறு போட்டுச் சாப்பிட்டாள். எனக்கும் போட்டு வைத்தாள்.

டிக்கை எடுத்துவிட்டேன்.

அதே நாள், சாயங்காலம்

காத்தூன் அக்கா கிண்ணத்தில் சேமியா பாயசம் கொண்டுவந்தாள். அப்பா, அம்மா, எல்லாரும் இருந்தோம்.

"உங்க பொண்ணு எங்க வூட்லதான் ஒக்காந்து இன்டர்வியூ குடுத்துச்சி. நம்ம தௌசிப் கம்ப்யூட்டர்ல. என்னா அழகா பேசுச்சி தெரியுமா? அங்கியே செலக்டுன்னு சொல்லிட்டாங்க."

"உங்க வூட்ல நெட் வந்துட்டுதாம்மா?" என்றார் அப்பா.

"எங்களுது எங்க வந்துதுண்ணே? உங்க வைஃபைதான் இன்னும் ஓடுது. அதுல என்னா கூத்துன்னா, பிசியில ஓடுது, இந்தப் பொண்ணு போன்ல மட்டும் ஓடல. தௌசிப் பாத்துட்டு, யாரோ இந்தப் போன மட்டும் நிறுத்தி வெச்சிருக்காங்கன்றான்."

அப்பா சிரித்தார். "ரவுட்டருக்கு என்னாம்மா தெரியும், யாரு போன் எதுன்னு?"

என் கையில் பாயசக் கிண்ணம். சுமா தரையைப் பார்த்துக்கொண்டு, "என் போன் பழசு மாமா. அப்பப்ப இப்படிப் பண்ணும்" என்றாள்.

நான் தொடாமல் விட்ட பிசி. எந்த ஷேருக்காக அவளைப் பழிவாங்கினேனோ, அதே ஷேர்.

15-05-2025

ஏன் சொல்லவில்லை? தௌசிப் அவளிடம் இன்னும் விவரமாகச் சொல்லியிருப்பான். அவளுக்குத் தெரியும். என்னைத் திட்டினால் திருப்பித் திட்டுவேன், ஸ்டேட்டஸைப் பற்றிக் கத்துவேன், எல்லாம் தயாராக வைத்திருக்கிறேன். வாயே திறக்க மாட்டேன் என்கிறாளே. இதற்குக் கையேட்டில் பக்கம் இல்லை.

18-05-2025

டிக் எடுத்து நான்கு நாள் ஆகிறது. வரிசையில் "சுமா குயின்" வரவேயில்லை. தினம் பார்க்கிறேன்.

21-05-2025

ரீசார்ஜ் செய்துகொண்டாள். மாடிப் படியில் வெயிலில் உட்கார்ந்து போன் பார்க்கிறாள். "உள்ள வாயேன்டி, கருத்துப் போவ" என்று அம்மா கூப்பிடுகிறாள். காற்று வருகிறது அத்தை என்கிறாள்.

25-05-2025, ஞாயிறு

கம்பெனி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். மீதி ராகி மாவை டப்பாவில் கொட்டி மேலே தேதி எழுதி வைத்திருக்கிறாள். என்னிடம் "வர்றேன் ஜோதி" என்றாள். எல்லாரிடமும் சொன்ன மாதிரியே.

08-06-2025

பள்ளி திறந்து ஒரு வாரம். போட்டி முடிவு வந்தது. பத்துப் பெயரையும் படித்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன்.

15-06-2025, ஞாயிறு

ஆனி பிறந்தது. தளி மாப்பிள்ளைக்கு வேறிடத்தில் பெண் பார்த்துவிட்டார்கள் என்று அத்தை போனில் சொன்னாள்.

மதியம் சுமா வந்தாள், லீவு நாள். கழுத்தில் கம்பெனி அட்டை. அப்பாவுக்கு மைசூர்பாகு, அம்மாவுக்கு ஜாக்கெட் துணி, எனக்கு ஒரு பேனா. அப்பா எப்போதும்போல லேமினேட்டை ஆணியிலிருந்து கழற்றி நீட்டினார்.

"வேணாம் மாமா. டேட்டா வீணாப் போவுது, அதையே ஓட்டிக்கிறன்."

"அட, நம்ம வூட்டுதுல போட்டுக்கம்மா."

"இருக்கட்டும் மாமா."

அப்பா அதை மறுபடி ஆணியில் மாட்டினார். எங்கள் வீட்டில் அதை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அவள். தண்ணீரை வேண்டாம் என்றிருந்தால்கூட அப்பா முகம் அப்படி ஆகியிருக்காது. அவள் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவை.

ஐந்து மணிக்கு பஸ் ஸ்டாப் வரைக்கும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். சர்வீஸ் ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. சத்தம் குறையட்டும் என்று பார்த்தேன், குறையவில்லை.

"அக்கா, நான்தான் நிறுத்தினேன்."

"தெரியும்."

"அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மாமா உன்ன ரெண்டு அடி அடிச்சிருப்பாரு. நீ அழுதிருப்ப. நானும் போனாப் போவுதுன்னு விட்டிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும்டி." பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "எனக்கு அது முடிய வேணாம்."

"அந்த ஸ்டேட்டஸ்..."

"தப்புதான். உன் முகத்த நாலு பேரு பாத்துச் சிரிச்சாங்க. அதுக்கு என்னைய எங்க அனுப்பப் பாத்த? ரெண்டையும் பக்கத்துல வெச்சிப் பாரு. நீதான படிச்சவ."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து போனை எடுத்தாள், என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டுக்கு வருவதற்குள் கர்நாடகா பக்கத்திலிருந்து மேகம் ஏறி இடி இடிக்கத் தொடங்கிவிட்டது. "ஜோதி, அந்த வைஃபை பிளக்கப் புடுங்குடி, போன வருசம் மாதிரி வெடிக்கப்போவுது" என்று அம்மா சமையலறையிலிருந்து சொன்னாள். லேப்டாப்பில் அந்தப் பக்கம் திறந்திருந்தது. கடைசியாக ஒரு முறை வரிசையைப் பார்த்தேன். டிவி. அம்மா போன். முனிராஜ் அண்ணன். தௌசிப் பிசி. யார் பெயரின் பக்கத்திலும் டிக் இல்லை. அக்காவின் பெயரும் இல்லை.

சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினேன். ரவுட்டரில் இருந்த நான்கு பச்சை விளக்குகளும் அணைந்தன.