லீவுக்கு வந்த மனுஷன்

ஜூலை 9
சீப்பில் தட்டுப்பட்டுக்கொண்டிருந்த உச்சந்தலைக் கட்டியைக் கொழுப்பு என்று நினைத்துத்தான் வெட்டி எடுத்தார்கள். இன்று ரிசல்ட். தைராய்டு புற்றுநோயாம். ஒன்பது வருஷம் முன்பு கழுத்தில் எடுத்துப் போட்டது இப்போது மண்டையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. "ரொம்ப அபூர்வமாணு. பேடிக்கண்டா சேச்சி, அயோடின் மருந்துக்குக் கேக்கும்" என்றார் டாக்டர். பயப்பட வேண்டாமாம், மருந்தில் குணமாகுமாம். ஒரு நாளும் எனக்கு லாட்டரி அடித்ததில்லை. இது அடித்திருக்கிறது. கரமனை பஸ்ஸில் நின்றுகொண்டே அழுதேன்.

ஜூலை 12
மருந்துக்குத் தேதி ஆகஸ்ட் 5. குடித்தபின் உடம்பிலிருந்து கதிர் வருமாம். வீட்டுக்கு வந்தும் தனி அறை, யாரும் நெருங்கக் கூடாது. என் வீட்டுக்காரர் ஜெயகுமார் மஸ்கட்டிலிருந்து வருவது ஆகஸ்ட் 6. ரெண்டு வருஷத்துக்கு ஒரே ஒரு மாசம் லீவு! கர்த்தாவே, வேற நாளே கெடைக்கலியா உமக்கு?

ஜூலை 13
கொஞ்சம் தள்ளினால் பெரிய மோசமில்லை என்கிறார் டாக்டர். தள்ளிவிடலாம். அவரிடம் மூச்சு விடக்கூடாது. அந்த மனுஷன் தோளில் முகத்தை வைத்துக் கிடக்கணும். வேறென்ன கேட்டேன்?

ஜூலை 14
பக்கத்து வீட்டு சபீனா அவரிடம் உளறிவிட்டாள். வீடியோவில் கத்தினார்: "எட்டீ, ஒனக்கு கிறுக்கா? நான் வாறது ஒன்னப் பாக்கவா, ஒன் அடக்கத்துக்கா?" கத்திவிட்டு அழுதார்.
மருந்துத் தேதியைத் தள்ளவில்லை.

ஜூலை 25
மருந்து குடிக்கும்வரை சாப்பாட்டில் அயோடின் கூடாதாம். கடல்மீன் கூடாது, கடை உப்பு கூடாது. சபீனா சாளை மீன் பொரிக்கிறாள். பாவி.

ஆகஸ்ட் 8
ஆஸ்பத்திரியிலிருந்து வந்தேன். வாசலில் நின்றார். நரைத்திருக்கிறார். "கிட்ட வராதீங்க" என்று சொன்னது நானேதான்.

ஆகஸ்ட் 10
முன்னறையிலிருந்து வீடியோ கால்! சோறு வடித்ததைக் காட்டுகிறார். குரல் போனிலும் வருகிறது, சுவர் வழியாகவும் வருகிறது. மஸ்கட்டில் இருந்தபோதுகூட இப்படி ஏங்கவில்லையே. அங்கே அவர் இருமினால் எனக்குக் கேட்காது.

ஆகஸ்ட் 11
"ஒரு நிமிஷம் உள்ள வாங்க" என்றேன். "மாட்டேன் ராகேலே" என்றார். கல்நெஞ்சுக்காரர். பிறகு கதவுக்கு வெளியே நாற்காலி இழுபடும் சத்தம். மத்தியானம் முழுக்க அங்கேயே இருந்தார்.

ஆகஸ்ட் 26
டாக்டர் போதும் என்றார். கதவைத் திறந்தேன். தலையில் முடி இல்லாத அந்த இடத்தில் விரலை வைத்து, "இங்கதானா?" என்றார். விரலை எடுக்கவே இல்லை. சாளை பொரித்து வைத்திருந்தார். ஒரே கருகல். எல்லாவற்றையும் தின்றேன்.

செப்டம்பர் 5
மஸ்கட்டுக்குப் போய்விட்டார்.

நவம்பர் 20
ரத்த ரிசல்ட் நன்றாக இருக்கிறது. இனி ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் போதும். வீடியோவில் அவரிடம் சொன்னேன்.
"தலையக் குனி" என்றார்.
குனிந்தேன்.
"முடி வந்திருக்குட்டி."
"செரி, நிமிரட்டா?"
"வேண்டாம். கொஞ்ச நேரம் அப்படியே இரி."
இருந்தேன்.