பக்கத்துக் கடைக்கு வைத்த சீல்

செப்டம்பர் 3

காலையில் நகராட்சி ஆட்டோ ஒலிபெருக்கியோடு வந்தது. மழைநீர் வடிகாலில் மழைத்தண்ணீர் மட்டும்தான் போக வேண்டுமாம். கழிவுநீர், எண்ணெய், குப்பை எது விட்டாலும் முதலில் நோட்டீஸ், பிறகு அபராதம், அப்புறம் கடைக்கு சீல். பதினைந்து நாள் கெடு.

நம் வாட்டர் சர்வீஸில் மூன்று லாரிகள் கழுவுவதற்கு நின்றன. என் வீட்டுக்காரர் ஓஸ் பைப்பைக் கையில் பிடித்தபடியே சிரித்தார். "வருசத்துல பத்து நாளு மழை. மிச்ச நாளு அது சும்மாதான கெடக்குது" என்றார். வேலையாட்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 5

மகள் தனப்பிரியா ஹாஸ்டலிலிருந்து பேசினாள். ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு என்றாள். சளி என்றேன்.

செப்டம்பர் 9

நேற்றுப் பெய்த மழையில் பக்கத்துக் கடை ஃபயாஸின் பைக் பட்டறை வாசலில் வடிகால் பொங்கிவிட்டது. தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம். துப்புரவு ஆய்வாளர் அறிவழகன் வந்து ஃபயாஸ் கடைக்கு நேரே இருந்த சிலாப்பைத் தூக்கச் சொன்னார். உள்ளே கரேலென்று கிரீஸ் சேறு, முழங்கால் ஆழம்.

ஃபயாஸ் பதறிப்போனான். "சார், பழைய ஆயில ஒரு சொட்டு உடாம கேன்ல புடிச்சு வெக்கறேனுங்க. அதை வாங்கறதுக்குன்னே ஆள் வர்றாங்க. வெலை போற பொருளை யாராச்சும் காவாய்ல ஊத்துவாங்களா?"

நியாயமான கேள்விதான். ஆனால் சேறு அவன் வாசலில் கிடந்தது. நோட்டீஸை அவன் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

என் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போய்விட்டார்.

செப்டம்பர் 10

இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

வடிகால் நம் இடத்திலிருந்து ஃபயாஸ் கடைப் பக்கம்தான் சரிகிறது. அங்கே ஒரு திருப்பம். மேலே என்ன விழுந்தாலும் அங்கே போய்த்தான் தங்கும். இரண்டு வருடத்துக்கு முன் இந்த வடிகாலைக் கட்டினார்கள். சிலாப் மூடுவதற்கு முதல் நாள் அவர் ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்து, லாரி கழுவும் மேடையிலிருந்து ஆறு இஞ்ச் குழாய் ஒன்றை மண்ணுக்கடியில் கொண்டுபோய் அதில் சேர்த்துவிட்டார். அதற்கு முன் கழுவிய தண்ணீர் பின்னால் இருந்த குழியில்தான் தேங்கும். அதை அள்ளுவது பெரிய தொல்லையாக இருந்தது.

எங்கே துளை போட வேண்டும் என்று சாக்பீஸால் குறி போட்டவள் நான்.

செப்டம்பர் 12

அவரிடம் கேட்டே விட்டேன். "ஏனுங்க, நம்ம குழாய அடைச்சுப்போட்டு பின்னால தொட்டி கட்டிக்கலாமுங்களா?"

"தொட்டி கட்டற வரைக்கும் லாரிய எங்க கழுவறது? ஒருக்கா வேற பக்கம் போன டிரைவர் திரும்பி வருவானா? நோட்டீஸ் நமக்கா வந்துது?"

"அந்தப் பையன் என்ன பாவம் பண்ணுனான்?"

"வாய மூடிக்கிட்டு இரு, வசந்தா."

இருக்கிறேன். மூடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

செப்டம்பர் 16

ஃபயாஸின் அம்மா மஸ்தான் பீவி வந்தார். முக்காட்டைச் சரி செய்தபடி வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லிக் காபி கொடுத்தேன்.

"வசந்தாம்மா, அஞ்சு வருசமா பக்கத்துல இருந்து பாக்கறீங்க. எம்மவன் காவாய்ல ஊத்தறவன் இல்லேன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பெரிய கடைக்காரங்க சொன்னா ஆபீசுல கேட்பாங்க."

பார்க்கலாம் என்றேன். அந்தச் சொல்லுக்கே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லா இருப்பீங்க என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கையை உருவிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

செப்டம்பர் 20

ஃபயாஸ் கடைக்கு சீல் வைத்துவிட்டார்கள்.

செப்டம்பர் 21

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. ஷட்டரை இழுத்து அரக்கு ஒட்டும்போது அவன் சண்டை போடவில்லை. உள்ளே பிரித்துப் போட்டிருந்த ஒரு கஸ்டமர் வண்டியைக் காட்டி, "அதை மட்டும் வெளிய எடுத்துக்கறேன் சார்" என்று கேட்டுக்கொண்டிருந்தான். விடவில்லை. நான் ஆபீஸ் அறை ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். நம் மேடையில் அப்போதும் லாரி கழுவிக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 25

சாயங்காலம் ஒரு மணி நேரம் விடாத மழை. திருப்பத்தில் அடைத்துக்கொண்டு தண்ணீர் மொத்தமும் ஃபயாஸின் வீட்டுத் தெருவுக்குள் இறங்கிவிட்டது. அவன் வீடு பட்டறைக்குப் பின்னால், பள்ளத்தில். வாளி எடுத்துக்கொண்டு ஓடினேன். சமையலறையில் கணுக்கால் வரை கறுப்புத் தண்ணீர், அரிசி டப்பாவெல்லாம் டீசல் வாடை. நான் போவதற்குள் மஸ்தான் பீவி வழுக்கி விழுந்து கிடந்தார். வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது.

நானும் அந்தத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினேன். நம்ம மேடையில கழுவுன தண்ணி. எனக்குத் தெரியாதா அந்த வாடை?

செப்டம்பர் 26

ஃபயாஸ் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தான்.

"அக்கா, என் கடையை மூடி ஆறு நாள் ஆச்சு. இன்னும் எண்ணெய் எங்கிருந்துங்க்கா வருது?"

அவன் என் முகத்தைப் பார்த்தான், பிறகு நம் மேடையைப் பார்த்தான். போய்விட்டான்.

செப்டம்பர் 27

என்ன பண்றது நான்? போய்ச் சொன்னா இவரு என்ன ஆவாரு, இங்க வேலை செய்யற ஏழு பேரு என்ன ஆவாங்க? சொல்லாம இருந்தா அந்தம்மா முகத்துல எப்படி முழிக்கறது?

செப்டம்பர் 29

அவரிடம் சொல்லாமல் பஸ் ஏறி நகராட்சிக்குப் போனேன். அறிவழகன் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"எழுதிக் குடுப்பீங்களாம்மா?"

"குடுக்கறேன்."

பதிவேட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார். "லைசென்ஸ் உங்க பேர்லதாங்க இருக்கு. நடவடிக்கை உங்க மேலதான் வரும். யோசிச்சுக்கங்க."

மறந்தே போயிருந்தேன். பெண் பேரில் இருந்தால் சலுகை என்று வீட்டுக்காரர்தான் என் பேரில் எடுத்தார். யோசிக்கவில்லை. யோசித்தால் எழுந்து வந்துவிடுவேன் என்று பயம். எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து அவரிடமும் சொன்னேன். தட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்.

செப்டம்பர் 30

நம் வாசல் சிலாப்பைத் தூக்கினார்கள். குழாய் வாய் தெரிந்தது. தெருவே கூடி நின்றது. குழாயைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டு நம் கேட்டுக்கு சீல் வைத்தார்கள். ஃபயாஸ் கடை அரக்கை உடைத்தார்கள்.

அவன் ஷட்டரைத் தூக்காமல் என்னிடம் வந்தான். "மொதல்லயே தெரியுங்களா?"

"தெரியும்."

"எங்கம்மா உங்ககிட்ட வந்தப்பவும்?"

"அப்பவும்."

தலையை ஆட்டிக்கொண்டான். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அக்டோபர் 2

அவர் புதுச்சத்திரத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். பையை எடுக்கும்போது, "ஊட்டுக்காரன ஊரு முன்னால நிறுத்திப்போட்ட" என்றார். நான் என்னைத்தான் நிறுத்தினேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 9

அபராதம் கட்டியாயிற்று. எண்ணெய் பிரிக்கும் தொட்டிக்கு வரைபடம் கொடுத்திருக்கிறார்கள், மூன்று அறை. கட்டி முடித்துக் காட்டினால்தான் கேட்டைத் திறப்பார்களாம். கொத்தனாரை நானே பேசி வைத்தேன். ஏழு பேரில் இரண்டு பேர் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள்.

அக்டோபர் 15

மஸ்தான் பீவியைப் பார்க்கப் போனேன். கையில் மாவுக்கட்டு. உட்காரச் சொன்னார். கொண்டுபோன பழத்தை வாங்கி வைத்துக்கொண்டார். கிளம்பும்போது, "அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றார். ஆமாம் என்றேன்.

அக்டோபர் 24

அவர் வந்துவிட்டார். ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. நேராகப் பின்னால் போய்த் தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். "நடுச் செவுரு ஒசரம் பத்தாது" என்று கொத்தனாரிடம் சொன்னார். என்னிடம் இன்னும் பேச்சு இல்லை.

நவம்பர் 8

அறிவழகன் வந்து பார்த்துக் கேட்டைத் திறந்துவிட்டார். முதல் நாள் ஒரே ஒரு லாரி.

நவம்பர் 19

மதியம் ஒரு டிப்பர் வந்தது. டிரைவர் நாமகிரிப்பேட்டைக்காரர், பழைய ஆள். கழுவி முடித்து வெளியே நின்றவர், பழைய ஆயில் வாளியைத் தூக்கிக்கொண்டு சிலாப் இடுக்குப் பக்கம் போனார். என் வீட்டுக்காரர் இங்கிருந்தே கத்திக்கொண்டு ஓடினார்.

"அண்ணா! அதுல ஊத்தாதீங்க!"

"இத்தனை நாளு இங்கதானுங்க ஊத்துனோம்?"

"ஊத்துனோம். தப்பு. பின்னால தொட்டி இருக்குது, வாங்க."

தப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. அதையும் அந்த டிரைவரிடம்தான் சொன்னார். பக்கத்துக் கடையில் ஃபயாஸ் ஒரு பைக் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து அவரைப் பார்த்தான், என்னையும் பார்த்தான். பிறகு குனிந்து வேலையைத் தொடர்ந்தான்.

சாயங்காலம் தூறல் விழுந்தது. இத்தனை நாள் என்னிடம் பேசாத அவர் சாப்பிட உட்கார்ந்தார். "கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார்.