தோப்புச் சாமிக்குக் காய்ச்சல்

ஐப்பசி 3, திங்கள்

விடியலிலிருந்து தூறல். பல்வலி பொறுக்காமல் காரைக்குடி டாக்டரிடம் போனேன். ஒரே கூட்டம்.

பின்வாசலில் ஒரு கூண்டு வண்டி. உள்ளே முக்காடு போட்டு, கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டவர் யார்? சாட்சாத் எங்கள் தோப்புச் சாமி! ஊர் நோவுக்கெல்லாம் தீர்த்தம் கொடுக்கிறவருக்கே குளிர்காய்ச்சலாம். மருந்துப் புட்டி வேறு.

'மருந்தைத் தொட்டால் என் தீர்த்தம் பலிக்காது' என்று என் தங்கை ராக்குவிடம் சொன்ன அதே வாய். ஆடியில் அவள் மகள் பொன்னு காய்ச்சலில் அனத்திக் கிடந்தபோது. ஆறு வயசு. தீர்த்தம் மட்டுமே கொடுத்தாள். போய்விட்டது பிள்ளை.

பல்லைக் காட்டாமலே திரும்பிவிட்டேன்.

ஐப்பசி 4, செவ்வாய்

வெயில். வாங்க: புண்ணாக்கு, உப்பு, கிராம்புத் தைலம்.

ராக்கு ஒழுங்காகச் சாப்பிட்டு எத்தனையோ நாளாயிற்று. மாப்பிள்ளை ரங்கூனில். அவர் வரும்வரை இவளுக்குத் துணையாகத்தான் மானகிரியில் கிடக்கிறேன். சாமியின் தோப்பைப் பெருக்கித் தெளித்துவிட்டு வந்தால் மட்டும் முகத்தில் கொஞ்சம் தெளிவு. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஊசி சங்கதியை அவளிடம் சொல்லவில்லை இன்னும்.

ஐப்பசி 6, வியாழன்

தோப்பில் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டேன். அடிக்க வருவார்கள் என்று நினைத்தேன். ஒருவருக்கும் கோபமே வரவில்லை!

பலசரக்குக் கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நம்ம நோவ சாமி வாங்கிக்கிட்டாக. நமக்காகத்தானே அந்தக் கசப்பக் குடிக்கிறாக!"

பின்னால் ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினாள். "பாவம், ஊசி வலிச்சிருக்கும்ல."

சாமி கண்ணை மூடியபடி. ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. வாயைத் திறந்தால்தானே வம்பு.

ரா. விளக்குமாறும் கையுமாக என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐப்பசி 7, வெள்ளி

மறுபடி மழை. விறகு ஈரம், அடுப்பு பற்றவில்லை. ரா. காலையிலிருந்து கிணற்றடியில் நனைந்தபடி. கூப்பிட்டேன், வரவில்லை. பக்கத்தில் போனேன்.

"ஏண்ணே, எல்லாரு நோவையும் வாங்குற சாமி எம்புள்ள காய்ச்சல மட்டும் ஏன் வாங்கல?"

இந்தக் கேள்விக்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன். பதில் நாக்கு நுனியில்.

"அவுக பொய்யின்னா நாந்தானே கொன்னேன்? டாக்டர்ட்ட போவோம்னு நீங்க வண்டி பூட்டுனீக. நாந்தானே மாட்ட அவுத்துவிட்டேன்?"

கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். எனக்குப் பயம் வந்துவிட்டது.

"சாமி வாங்கத்தான் பாத்தாக, ராக்கு. புள்ளதான் குடுக்கமாட்டேன்னுருச்சாம். சாமிக்கு நோகும்னு அதுவே வச்சுக்கிருச்சாம். அன்னைக்கே எங்கிட்டச் சொன்னாக."

எங்கிருந்துதான் வந்ததோ இந்தப் பேச்சு. என் மேலேயே அருவருப்பு.

"அப்புடியா சொன்னாக? எம்புள்ள அப்புடித்தாண்ணே. ஆரு அழுதாலும் தாங்காது." வெகுநேரம் அழுதாள். பிறகு எழுந்து வந்து கஞ்சி குடித்தாள். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள்.

ஐப்பசி 8, சனி

மூட்டம். பல் பரவாயில்லை.

ரா. தோப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டாளாம். கடைக்காரர் வீடு தேடி வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஒங்ககிட்ட மட்டும் சொல்லியிருக்காக பாருங்க. குடுத்துவச்சவுக நீங்க. காய்ச்சல்ல புள்ளயப் பறிகொடுத்தவுக நாச்சியாபுரத்துலயிருந்து வாராக. நாளைக்கு அவுகளுக்கும் நீங்கதான் சொல்லணும்."

ரா. கதவோரம் நின்று என் முகத்தைப் பார்த்தாள்.

வருகிறேன் என்றேன்.