பெரிய இடம்

மே 12, திங்கள்

நேர்காணல் முடிந்தது. கோபம் இன்னும் அடங்கவில்லை.

பாலக்கரையில் எங்கள் வீட்டில் நெட் விட்டு விட்டுத்தான் வரும். அதனால் ஸ்ரீரங்கத்தில் ரஞ்சனி வீட்டில் போய் உட்கார்ந்தேன். மூன்று வருடம் பி.ஏ. ஆங்கிலத்தில் ஒரே பெஞ்ச். இப்போது இரண்டு பேரும் வடக்கே ஒரே பல்கலைக்கழகத்துக்கு, ஒரே எம்.ஏ. ஒப்பிலக்கியத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.

திரையில் மூன்று பேராசிரியர்கள். எதில் ஆர்வம் என்றார்கள். தமிழ், மலையாளத் துப்பறியும் நாவல்கள் என்றேன். கொலை நடந்ததும் முதல் சந்தேகம் யார்மேல் விழுகிறது, இரண்டு மொழியிலும் அது ஒரே ஆள்தானா என்று பார்க்க ஆசை என்றேன். அம்மா பாலக்காட்டுக்காரர், அவர் வாங்கும் வாரப் பத்திரிகைகளை எழுத்துக்கூட்டித்தான் மலையாளம் படிக்கக் கற்றேன் என்பதையும் சொன்னேன்.

ஒருவர் சிரித்தார். நடுவில் இருந்தவர் என் பெயரை இன்னொரு தரம் பார்த்தார். இஸ்லாமியப் பெண்களின் தன்வரலாறுகளைச் செய்யலாமே, எங்கள் துறையில் அதற்கு ஆளே இல்லை, நீ மிகவும் பயன்படுவாய் என்றார்.

பயன்படுவேனாம். நான் என்ன கரண்டியா?

மே 13

கரண்டியைக்கூட எந்தச் சட்டியில் வேண்டுமானாலும் போடுவார்கள்.

மே 23, வெள்ளி

இடம் கிடைத்துவிட்டது. ரஞ்சனிக்கும்.

அத்தா ஜும்மா முடிந்து பாத்திரக் கடைக்குத் திரும்பாமல், தெரு முழுக்க மைசூர்பா கொடுத்துவிட்டு வந்தார். அண்ணன் நஸ்ருல்லா குவைத்திலிருந்து குரல் அனுப்பியிருக்கிறான். அழுதிருக்கிறான், குரலில் தெரிந்தது. எல்லோருக்கும் இப்போது அது 'பெரிய யூனிவர்சிட்டி'.

சாயங்காலம் அந்த நடு ஆள் போன் செய்தார். வாழ்த்தினார். தன்வரலாறுகளுக்கான புத்தகங்களை இப்போதே அனுப்பி வைக்கட்டுமா என்று கேட்டார். நான் ஒப்புக்கொண்டதாகவே நினைத்துவிட்டார். கொலை, துப்பு என்று நான் சொன்னதெல்லாம் எங்கே போயிற்று? அந்தப் புத்தகங்கள் மட்டமானவை என்று நினைக்கவில்லை. ஆனால் அவற்றை நான் ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு என் பெயர்தானா காரணம்?

மே 24

ரஞ்சனியோடு சண்டை. ஸ்ரீரங்கம் பஸ் ஸ்டாப்பில், அத்தனை பேர் நடுவில்.

அவளிடமும் அதே கதைதான். ஊர் ஸ்ரீரங்கம் என்று கேட்டதும் பாசுரங்களைச் செய் என்றிருக்கிறார்கள். அவளுக்குச் சித்திரக் கதைகள் என்றால் பைத்தியம். ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

"உள்ள போயிட்டா நமக்குப் பிடிச்சத பண்ணிக்கலாம்டி. வாசல்லயே சண்டை போட்டா யாருடி உள்ள விடுவா?"

நீ உன்னையே வித்துட்டே என்றேன். அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.

அவள் சொன்னதில் நியாயமே இல்லையா? இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

மே 29, வியாழன்

கேரளத்தில் இன்னொரு பல்கலைக்கழகத்துக்கும் போட்டிருந்தேன். சின்னது, யாருக்கும் பேர் தெரியாது. அங்கிருந்து ஜாஸ்லின் என்று ஒரு ஆசிரியை அழைத்தார். ஊர், குடும்பம் எதுவும் கேட்கவில்லை. சந்தேகம் எப்போதும் வேலைக்காரர்மேல்தான் முதலில் விழுகிறது என்று விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறாயே, நீ உதாரணம் காட்டிய மூன்று நாவல்களையும் படித்தேன், இரண்டில் அப்படி இல்லையே என்றார்.

எனக்கு வந்த கோபம்! ஒரு மணி நேரம் வாதாடினேன். போனை வைத்த கையோடு மூன்றையும் எடுத்துப் புரட்டினேன். ஒன்றில் அவர் சொன்னது சரி. இன்னொன்றில் அவர் தப்பு. பக்க எண்ணோடு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.

மே 30

இடம் உண்டு என்று பதில் வந்திருக்கிறது. கீழே ஒரு வரி: 'அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.'

ஜூன் 3, செவ்வாய்

நாளைக்குள் பெரிய யூனிவர்சிட்டிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வீடே பஞ்சாயத்தாகிவிட்டது. அப்துல் சுக்கூர் மாமா, கொலைக் கதை படிக்கிறதுக்கெல்லாமா எம்.ஏ. என்று கேட்டுவிட்டு இரண்டாவது டீயும் குடித்தார். அண்ணன் குவைத்திலிருந்து போனில், ஊர் பேர் தெரியாத இடத்துக்குப் போறதுக்கு நம்ம ஊர்லயே சேரலாமே என்றான். அம்மா மட்டும் டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டார். அதுவும் கோபமாக இருந்தது.

எல்லோரும் போனபிறகு அத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அவ்வளவு பெரிய எடத்துல உன்ன எடுத்திருக்காங்க. ஏம்மா முரண்டு பிடிக்கிற?"

"என்னை எடுக்கலத்தா. நம்ம பேர எடுத்திருக்காங்க."

அத்தா எழுந்து கடைக்குப் போய்விட்டார். சாப்பிடாமல்.

ஜூன் 4

காலையில் அத்தா என் கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"எங்க வியாபாரிங்க சங்கத்துல, கலெக்டர் வந்தா மேடையில ஒரு பாய் இருக்கணும்னு என்னைக் கூப்பிட்டு உக்கார வெப்பாங்க. மாலை போடுவாங்க. கூட்டம் முடியிற வரைக்கும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. பதினஞ்சு வருசமாப் போறேன். நீ கேரளாவுக்கே போம்மா."

இது எனக்குத் தெரியவே தெரியாது. அந்த மேடைப் படங்களையெல்லாம் கூடத்தில் மாட்டி வைத்து, வருகிறவர்களிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறேனே! யார் அவர்கள், என் அத்தாவை அப்படி உட்கார வைக்க?

பெரியதற்கு வரவில்லை என்று எழுதினேன். காரணம் எழுதும் இடத்தில் காரணத்தையே எழுதினேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கேரளத்து மழை விடவேயில்லை. துணி ஒன்றும் காயவில்லை.

முதல் கட்டுரையை ஜாஸ்லின் மிஸ் திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் பக்கத்தின் குறுக்கே, 'இது உன் விருப்பம், ஆதாரம் எங்கே?' அநியாயம். ஆதாரம் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. நாளை வகுப்பில் கேட்கத்தான் போகிறேன்.

ரஞ்சனி நேற்றுப் பேசினாள். பாசுரங்கள்தான் போய்க்கொண்டிருக்கிறதாம். பிடித்திருக்கிறது என்கிறாள். நம்புவதா என்று தெரியவில்லை. பஸ் ஸ்டாப்பில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். போடி என்றாள்.

மத்தியானம் அத்தா அழைத்தார். சாப்பாடு, மழை, அம்மாவின் முட்டிவலி எல்லாம் பேசி முடித்து, வைக்கப் போகும்போது சொன்னார்: "இன்னிக்கு சங்கத்துல கூட்டம். மேடைக்குக் கூப்பிட்டாங்க. கடையில ஆள் இல்லைன்னு சொல்லிட்டேன்."

"ஆள் இல்லையாத்தா?"

"இருக்காங்க, ரெண்டு பேரு."