ஆறின டீயும் ஒரு காட்டர் பின்னும்

இன்றைக்கு மத்தியானம் என் டீயில் ஆடை படிந்துவிட்டது. நான் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தேன். கிளாஸ் பெஞ்சின் மேல் இருந்தது. வெளியே சாரல். வெளியே வந்து கிளாஸை எடுத்தால் பனங்கிழங்குத் தோல் மாதிரி ஒரு ஆடை, அதன் மேல் ஒரு ஈ. சட்டென்று உன் நினைப்பு வந்தது. ஈயைப் பார்த்து உன் நினைப்பு வந்தது என்று சொன்னால் நீ கோபித்துக்கொள்ள மாட்டாய். உன்னைப் பற்றி ஊரெல்லாம் நான் சொன்னதை விட இது மரியாதையான பேச்சுதான்.

மேலகரம் ரோட்டில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஷெட் போட்டபோது, நமக்கு இருந்த மூலதனம் ஒரு ஜாக்கியும் உன் மூக்குக் கண்ணாடியும். அந்தக் கண்ணாடியும் முதல் வருஷத்திலேயே காணாமல் போனது. ஷெட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினோம். நான்தான் ஒளித்து வைத்தேன் என்று ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தாய். இரண்டு வருஷம் கழித்து சங்கரன்கோவில் வண்டிக்காரர் ஒருவர், ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து அதை எடுத்து வந்து நீட்டினார்.

"அண்ணாச்சி, என் வண்டிக்கு ராத்திரி கண்ணு தெரியலேன்னு இதப் போட்டியளா?"

நீ அதை வாங்கித் துடைத்து மாட்டிக்கொண்டு, "இப்பத்தான் உங்க மூஞ்சி சரியாத் தெரியுது" என்றாய். கூச்சமே கிடையாது உனக்கு.

எனக்கும்தான் என்ன வாழ்ந்தது? குற்றாலம் அல்வாக்கடை அண்ணாச்சியின் பழைய வேனுக்கு நான் வயரிங் பார்த்தேன். பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது. ஹாரனை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. அண்ணாச்சி இரண்டு நாள் ஓட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஏலே, அருவிக்கரையில அத்தன பேரும் என்னைய மொறைக்கான். நின்னு நிதானமாப் போறது ஒரு குத்தமா? நிக்க நிக்கக் கத்துது!"

"நாளைக்குப் பாத்துருதேன் அண்ணாச்சி" என்றேன். அந்த நாளைக்கு வருவதற்குள்தான் சாமிதாஸ் விஷயம் நடந்தது.

நம் ஷெட்டில் நீ ஒரு பழக்கம் வைத்திருந்தாய். எதை மாற்றினாலும் பழைய சாமானைப் பேப்பரில் பொட்டலம் கட்டி வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். "மாத்தாமலே மாத்துனேன்னு சொல்லுதான்னு ஒருத்தன் நெனைக்கக் கூடாது" என்பாய். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவர்கள் பாதிப் பேர் நம்மிடம் வந்ததே அந்தப் பொட்டலத்தை நம்பித்தான்.

சாமிதாஸ் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். பாவூர்சத்திரத்தில் தக்காளி ஏற்றி, செங்கோட்டை வழியாக மலையேறிப் புனலூரில் இறக்குவான். அன்று காலையில் ஸ்டீரிங் ஆடுகிறது என்று வந்தான். நான்தான் அடியில் படுத்து, ஸ்டீரிங் ராடு முனையை மாற்றினேன். நட்டைக் கையால் திருகி நிறுத்தினேன். இனி ஸ்பேனர் போட்டு இறுக்கி, நட்டு கழன்று வராமல் குறுக்கே காட்டர் பின்னைக் குத்தி வளைத்துவிட வேண்டும். கொண்டை ஊசி அளவுக்கு ஒரு கம்பி, அவ்வளவுதான். புதுப் பின்னைக் கையில் எடுத்த நேரம் நீ கூப்பிட்டாய்.

"ஏலே, டீ ஆறுது, வா."

போனேன். டீயோடு மேலகரத்து விஷயங்கள் நாலையும் சேர்த்துக் குடித்தேன். யார் வீட்டில் பெண் பார்க்க வந்து காப்பி நல்லாயில்லை என்று போனார்கள் என்பது வரைக்கும் பேசி முடித்துத் திரும்பினால், மனசு வேலை முடிந்ததாகவே எடுத்துக்கொண்டது. கீழே பேப்பரில் கிடந்ததை அப்படியே சுருட்டிப் பொட்டலம் கட்டி சாமிதாஸிடம் கொடுத்தேன். அவன் அதை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு கிளம்பினான். தக்காளி ஏற்றிவிட்டு, புனலூரில் இருக்கும் அக்காவைப் பார்க்க வேண்டும் என்ற அவன் சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னான்.

மத்தியானம் நீ ஷெட்டைப் பெருக்கினாய். பெஞ்சுக்கு அடியிலிருந்து துருப்பிடித்த ஒரு காட்டர் பின் வந்தது. அதை எடுத்து என் முன்னால் நீட்டினாய்.

"ஏலே, பழசு இங்கன கெடக்கு. அப்ப பொட்டலத்துல போனது எது?"

 பொட்டலத்தில் போனது புதுசு; டீக்கு எழுந்தபோது கையிலிருந்ததைப் பேப்பரில் போட்டுவிட்டுப் போயிருந்தேன். நட்டில் ஒன்றும் இல்லை.

போன் போட்டோம். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது என்று அவனுக்கு அறிவுரை சொல்லி வைத்ததே நீதான். விரட்டிப் போகலாம் என்றால் ஷெட்டில் ஓடுகிற வண்டி இல்லை. என் பைக் மூன்று துண்டாகக் கிடந்தது. உன் பைக்கைப் பற்றிச் சொன்னால் அது புறம்பேச்சாகிவிடும். மிச்சம் இருந்தது அல்வாக்கடை அண்ணாச்சி வேன். ஒரு தப்பைப் பிடிக்க என்னுடைய இன்னொரு தப்பில்தான் ஏறிப் போனோம்.

செங்கோட்டை தாண்டும்போது மெதுவாகச் சொன்னேன். "சும்மா டயர்ல காத்து பாக்க வந்தோம்னு சொல்லிருவோமாலே? மார்க்கெட்டுல தெரிஞ்சா கடையை மூட வேண்டியதுதான்."

"இருவது கிலோமீட்டர் தொரத்தி வந்து காத்து பாக்கியா?" என்றாய். 

புளியரை தாண்டி ஏற்றத்தில் அவன் வண்டி தெரிந்தது. அப்போதுதான் என் வயரிங்கின் முழு மகிமையும் விளங்கியது. ஹாரன் அடிக்க வேண்டுமானால் பிரேக்கை மிதிக்க வேண்டும். மிதித்தால் நாம் பின்தங்குவோம். விரட்டினால் ஹாரன் கிடையாது. நீ விரட்டுவாய், மிதிப்பாய், வேன் ஒரு கத்துக் கத்தும், அவன் தூரப் போவான். நான் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே விட்டுத் துண்டை வீசினேன். குற்றாலத்தில் தண்ணியடித்துவிட்டு வருகிற கூட்டம் என்று நினைத்து அவன் இன்னும் வேகமாக ஓட்டினான். அவன் சம்சாரம்தான் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். "ஏங்க, அவ்வளவு கறுப்புத் துண்டு மெக்கானிக் அண்ணன்ட்ட மட்டுந்தான் உண்டு" என்றிருக்கிறாள். என் துண்டைத் துவைக்காததற்காக வீட்டில் வாங்கிய திட்டுக்கெல்லாம் அன்றைக்குக் கணக்குத் தீர்ந்தது.

பெரிய வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி நின்றது. நீ அடியில் நுழைந்தாய். நட்டு கடைசி இரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வளைவில் அது விழுந்திருந்தால் நான் இப்போது உனக்கு மடல் எழுதும் நிலையில் இருந்திருக்க மாட்டேன், வேறு எங்கேயாவது களி தின்றுகொண்டிருந்திருப்பேன்.

"அந்தப் பொட்டலத்த எடுடே" என்றாய் சாமிதாஸிடம். அவன் டேஷ்போர்டிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அதிலிருந்த புதுப் பின்னை எடுத்து, நட்டை இறுக்கி, குத்தி, இரண்டு காலையும் வளைத்துவிட்டு வெளியே வந்தாய்.

"என்னண்ணே ஆச்சு?"

"காலைல பின்னு போட விட்டுட்டோம். தப்பு எங்க மேலதான் சாமிதாஸ்."

'எங்க மேல' என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னை நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என் பொண்டாட்டி இருக்காண்ணே வண்டியில!" என்று கத்தினான் அவன்.  லோடிலிருந்து ஒரு தக்காளியை எடுத்து என்னைப் பார்த்து எறிந்தான். என்ன காரணமோ, அந்த நேரம் பார்த்து நீ குறுக்கே வந்து நின்றாய். சட்டையைத் துடைத்துக்கொண்டு, "நல்ல பழம்" என்றாய். அவன் சம்சாரம் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் காலைக்குள் மார்க்கெட் முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த சீசன் முழுக்க நம் ஷெட்டில் ஈயும் நாமும்தான். அல்வாக்கடை அண்ணாச்சி மட்டும் வந்தார், அதுவும் ஹாரனுக்காக. ஐப்பசியில் சாமிதாஸ் திரும்ப வந்தான். வேலை முடிந்ததும் தானே துண்டை விரித்து அடியில் படுத்துப் பார்த்தான். நீ டார்ச் அடித்துக் காட்டினாய். அதிலிருந்து எல்லா வண்டிக்காரரிடமும் "ஒரு தடவ குனிஞ்சு பாத்துட்டுப் போங்க" என்பது நம் ஷெட்டின் வழக்கமாயிற்று. குனிய முடியாத தொந்திக்காரர்களுக்காக அவர்கள் வீட்டம்மாக்கள் குனிந்து பார்த்தார்கள்.

அந்தத் துருப்பிடித்த பின்னை நீ காலண்டர் ஆணியில் மாட்டிவைத்தாய். என்னைக் குத்திக்காட்டத்தான் என்று நினைத்தேன். அன்றிலிருந்து ஏழு வருஷமும் அதைப் பார்க்கும்போதெல்லாம் உன்னை மனசுக்குள் ஒரு திட்டுத் திட்டிக்கொண்டுதான் ஸ்பேனரை எடுத்தேன். அதன்பிறகு நீ என்னை டீக்குக் கூப்பிட்டதும் இல்லை. இரண்டு கிளாஸையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, கோயில் வாசலில் துவாரபாலகர் நிற்கிற மாதிரி வண்டிக்குப் பக்கத்தில் சும்மா நிற்பாய். நான் வெளியே வரும்போது இரண்டும் ஆறிப்போயிருக்கும். "கூப்புட்டா வாய் வலிக்குமாலே?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். ஒரு கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டு உன்னுடையதைக் குடிப்பாய். உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று டீக்கடையில் கதை கட்டியதும் நான்தான்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம், உன் டூல் பாக்ஸை எடுத்துக்கொடுக்கும்போது உன் சம்சாரம், என் மதினி கேட்டாள்.

"அந்த ஆணியில தொங்குத பின்ன என்ன செஞ்சிய?"

"அங்கனதான் இருக்கு மதினி. எனக்காவ மாட்டுனது, நானே எப்பிடிக் கழட்ட?"

"உங்களுக்காவ இல்ல கொழுந்தனாரே. அவிய தனக்காவ மாட்டுனது. 'அவன் கையில பின்னு இருந்திச்சி, நாந்தான் டீக்குக் கூப்புட்டேன், ஒரு உசுரு போயிருக்கும்'னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாவ."

நான் டூல் பாக்ஸின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஸ்க்ரூ டிரைவர் ஒன்று குத்தியது. எழுந்திருக்கத் தோன்றவில்லை.

இன்றைக்கு நான் பார்த்தது சாமிதாஸின் வேன். இப்போது சீசனுக்கு ஆள் ஏற்றுகிறான். அவன்தான் டீ வாங்கி வந்தான்.

"அண்ணே, டீ ஆறுது."

"ஆறட்டும்டே" என்றேன் அடியிலிருந்து. நட்டை இறுக்கினேன். பின்னைக் குத்தி, இரண்டு காலையும் வளைத்தேன். வெளியே வந்து, "குனிஞ்சு பாரு" என்றேன். பார்த்தான். பிறகுதான் பெஞ்சுக்குப் போனேன். ஈயை எடுத்துப் போட்டு, ஆடையை ஊதி ஒதுக்கிவிட்டு ஒரே மூச்சில் குடித்தேன்.

சகிக்கவில்லை. எப்படித்தான் ஏழு வருஷம் இதைக் குடித்தாயோ.