முதல் வளையல் யார் கையால்

பத்தாங் காலி
12.5.2024

அன்பு நித்தியாவுக்கு,

நேரில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் எழுதி உன் அண்ணன் தனேஷிடம் கொடுத்தனுப்புகிறேன். ஜூன் இரண்டாம் தேதி எனக்கு வளைகாப்பு. முதல் வளையலை நாத்தனார் போடுவதுதான் நம் வீட்டு வழக்கம். எனக்கு இருப்பதோ ஒரே நாத்தனார். ஆனால் உன் அம்மா, "அவளுக்கு ஒடம்பு முடியல, வரமாட்டா" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். போன வாரம் கோலா சிலாங்கூர் பசாரில் மீன்காரனிடம் நீ சண்டை போட்டதை நானே பார்த்தேன். அதுவா முடியாத உடம்பு? என்ன விஷயம், எழுது.

உன் அண்ணி,
ஷர்மினி


அசாம் ஜாவா
17.5.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் வயிற்றுப் பிள்ளையும் நலம்தானே? வெகுநேரம் நிற்காதீர்கள், கால் வீங்கும்.

அம்மாவைக் கோபிக்காதீர்கள். என்னைக் காப்பாற்றத்தான் பொய் சொல்கிறார். கீமோ முடிந்து ஒரு வருடமாகியும் எனக்கு மாதவிலக்கு திரும்பவில்லை என்பது வேலம்மா பெரியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "பிள்ள உண்டாகாதவ கையால மொத வளையலா?" என்று கேட்டாராம். திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார் டாக்டர். முன்னாலேயே எடுத்து உறையவைத்த கருமுட்டைகளும் கொஞ்சம்தான். இருபத்தேழு வயதில் எனக்குத் திடீர் திடீரென்று வியர்த்துக் கொட்டுகிறது. என் வீட்டுக்காரர் இரண்டாவது காத்தாடி வாங்கி வைத்திருக்கிறார், பாவம்.

பெரியம்மா சொன்னதை நான் நம்பவில்லை. ஆனாலும் உங்கள் பிள்ளைக்கு ஏதாவது ஒன்று என்றால், என் கையைத்தான் நான் குற்றம் சொல்வேன். வேண்டாம் அண்ணி.

அன்புடன்,
நித்தியா


பத்தாங் காலி
20.5.2024

நித்தியா,

போடி பைத்தியக்காரி. கட்டி புற்றுநோய் என்று தெரிந்த அன்று, உடனே மருந்து ஏற்றச் சொல்லி எல்லாரும் பதறினோம். நீ மட்டும்தான், "இந்த மருந்துக்கு அப்புறம் எனக்குப் பிள்ளை பிறக்குமா டாக்டர்?" என்று கேட்டாய். பேசாமல் இருக்கச் சொல்லி உன் அம்மா உன்னைக் கிள்ளினார். இரண்டு வாரம் தள்ளலாம் என்றார் டாக்டர். கருமுட்டை எடுப்பதற்கான அத்தனை ஊசியையும் உன் வயிற்றில் நீயே போட்டுக்கொண்டாய். ரத்தம் எடுக்க வந்தாலே எனக்குக் கண் இருட்டும். அன்றிலிருந்து உன்னை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், "நித்தியா போடலன்னா வளைகாப்பே வேணாம் லா." அதைக் கேட்டதிலிருந்து பெரியம்மா என்னோடு பேசுவதில்லை. காதுக்கு நிம்மதி.

உனக்காகக் காத்திருக்கும்,
ஷர்மினி


அசாம் ஜாவா
4.6.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வந்தேன், போட்டேன், எல்லாரும் பார்த்தார்கள். நீங்கள் மற்றவர்களோடு படம் பிடித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "அடுத்தது ஒனக்குத்தான்" என்றார். "வரலாம், வராமலும் போகலாம் பெரியம்மா. நான் உயிரோட இருக்கேன் லா" என்றேன். அவர் இன்னொரு கரண்டி தயிர்சாதம் வைத்தார்.

உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். நான் தைரியசாலி என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறீர்கள். உங்கள் கையில் வளையல் ஏற்றும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது அண்ணி. வயிறெரிந்தது. அந்த எரிச்சலோடுதான் போட்டேன். உங்கள் பிள்ளை நல்லபடியாக வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டதும் அதே நேரத்தில்தான். இரண்டுமே நிஜம்.

பிள்ளை பிறந்ததும் முதலில் எனக்குத்தான் சொல்லவேண்டும். நான் அழுவேன். அதற்காகச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் நாத்தனார்,
நித்தியா